பேச்சில் சரளம், எழுத்தில் தடுமாற்றம்: சின்னக் குழந்தைகளுக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மழைத்துளி

என் மகளுக்கு ஏழு வயது. வாயாடி. பார்த்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் யார், எங்கே, எதற்கு, அடுத்து என்ன ஆச்சு என்று ஒன்று விடாமல் சொல்வாள். அதையே எழுதச் சொல்லி நோட்டைக் கொடுத்தால் வருவது இது. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"நான் பூனை பார்த்தேன். பூனைகள் ஓடுது. நான் பூனை ரொம்ப பிடிக்கும். ஒரு பூனை மரம் ஏறியது அப்புறம் நான் சிரிச்சேன் அப்புறம் அது என்னை பார்த்தது அப்புறம் நாங்கள் வீட்டுக்கு வந்தோம்"

பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஒரு சொல், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று எடுத்துச் சேர்க்க வேண்டும். பக்கம் பக்கமாகச் சரியாகச் செய்கிறாள். சொந்தமாக எழுத உட்கார்ந்தால் மறுபடி மேலே இருப்பதுதான். எங்கிருந்து தொடங்குவது?

வகுப்பறைவாசி

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். உங்கள் மகள் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்று சொல்கிறேன்.

அந்த நான்கு வரிகளில் எங்கேயாவது சொற்களின் வரிசை பிசகியிருக்கிறதா? இல்லை. எல்லா இடத்திலும் வினை கடைசியில்தான் வந்திருக்கிறது. அந்த மூன்று கட்டப் பயிற்சி கற்றுக்கொடுப்பது வரிசையை மட்டும். அது அவளுக்கு மூன்று வயதிலேயே தெரியும். தெரிந்ததைத்தான் பக்கம் பக்கமாகச் செய்துகொண்டிருக்கிறாள். அப்புறம் எப்படி எழுத்தில் மாற்றம் வரும்?

தமிழில் வாக்கியத்தைத் தாங்குவது சொல்லின் கடைசிப் பகுதி. "பூனை நாயைத் துரத்தியது", "நாயைப் பூனை துரத்தியது" இரண்டும் ஒன்றுதான். அந்த 'ஐ' இடம் மாறினால் துரத்தியது யார் என்பதே மாறிவிடும். அவள் எழுதியதில் இருக்கும் சிக்கல் எல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது:

'பூனை பார்த்தேன்': 'ஐ' விட்டுப்போயிற்று.
'பூனைகள் ஓடுது': பேச்சு வினை, அதோடு பன்மையும் பொருந்தவில்லை.
'நான் பூனை பிடிக்கும்': 'எனக்கு' வர வேண்டிய இடம்.
'சிரிச்சேன்': பேச்சு வடிவம்.

'மரம் ஏறியது' என்பதைத் திருத்திவிடாதீர்கள். அது பிழையே இல்லை. மரம் ஏறுவது, மலை ஏறுவது எல்லாம் நல்ல தமிழ்தான். எழுதும் வேகத்தில் அவள் கை தானாகவே சரியானதை எழுதிய இடம் அது. 'ரொம்ப' என்பதையும் ஏழு வயதில் நான் தொடமாட்டேன். அந்த அப்புறம் சங்கிலி தனிக்கதை, பிறகு வருகிறேன்.

குறில்நெடில்

டீச்சர் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். மீதிக்கு இல்லை.

சொல்லின் வாலில்தான் சிக்கல் என்றால், அந்த வாலுக்குப் பெயர் சொல்லிக்கொடுக்காமல் குழந்தை எதைப் பிடித்துத் திருத்தும்? திணை, பால், எண், இடம், காலம் என்று ஐந்து கேள்வி. ஒரு வினைமுற்றைக் காட்டி இந்த ஐந்தையும் கேட்டால் 'பூனைகள் ஓடுது' தானாக மாட்டிக்கொள்ளும். நம் இலக்கணக்காரர்கள் சொல்லதிகாரத்தை உயர்திணை, அஃறிணை என்றுதான் தொடங்குகிறார்கள். காரணம் இல்லாமலா? இப்போது எல்லாரும் "இலக்கணம் வேண்டாம், விளையாட்டாகச் சொல்லிக்கொடு" என்கிறார்கள். அதன் பலனைப் பெரியவர்கள் எழுதும் கடிதங்களில் தினமும் பார்க்கிறோம். "ஒவ்வொரு மாணவர்களும் வந்தனர்" என்று எழுதாத ஆள் உண்டா?

சொல்லாடி

பேச்சு, மொழிப் பயிற்சி தருவது என் வேலை. சண்டைக்கு வரவில்லை, வேறு பக்கத்திலிருந்து ஒரு விஷயம்.

குழந்தைகள் விதியின் பெயர் தெரியாமலே விதியைப் பிடித்துவிடுகிறார்கள். 1958இல் ஜீன் பெர்கோ என்பவர் இதைச் சோதித்தார். இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு இல்லாத ஒரு பெயரை வைத்து, இப்போது இரண்டு இருக்கின்றன, இவற்றை என்னவென்று சொல்வாய் என்று கேட்டார். கேள்விப்படாத சொல்லுக்குக் குழந்தைகள் சரியாகப் பன்மை போட்டார்கள். நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். "இவன் தினமும் மிலுக்குவான். நேற்றும் அதையே செய்தான். நேற்று என்ன செய்தான்?" என்று கேளுங்கள். "மிலுக்கினான்" என்று வரும். அந்த 'இனான்' எங்கிருந்து வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேரடித் திருத்தம் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் ஓர் உரையாடல் உண்டு. டேவிட் மெக்னீல் 1966இல் பதிவு செய்தது. எதிர்மறையை இரண்டு தடவை போட்டு ஒரு குழந்தை வாக்கியம் சொல்கிறது. அம்மா சரியானதைச் சொல்லிக்காட்டுகிறார். குழந்தை மறுபடி தவறாகச் சொல்கிறது. இப்படியே எட்டு முறை. கடைசியில் "இப்போது கவனமாகக் கேள்" என்கிறார் அம்மா. குழந்தை அம்மா சொன்ன வாக்கியத்திலிருந்து வேறொரு துணுக்கை எடுத்து, பழைய பிழையோடு ஒட்டிவைத்துச் சொல்கிறது. இப்போது ஒன்றுக்கு இரண்டு பிழை.

அதனால் பேசும்போது திருத்துவதைவிட, அவர்கள் சொன்னதையே சரியான வடிவில் பதிலாகத் திருப்பிச் சொல்வது நல்லது. "நான் பூனை பிடிக்கும்" என்றால், "அப்படியா, உனக்குப் பூனை பிடிக்குமா? எனக்கும் பிடிக்கும்" என்று பேச்சைத் தொடருங்கள். "எங்கே, சொல்லு பார்ப்போம்" என்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பேச்சே நின்றுபோகும்.

குறில்நெடில்

> நேரடித் திருத்தம் எவ்வளவு தூரம் வேலை செய்யும்

அது பேச்சுக்கு. இங்கே கேள்வி எழுத்தைப் பற்றி. எழுத்து யாருக்கும் தானாக வருவதில்லை.

வகுப்பறைவாசி

ஐயா சொல்வது சரி, எழுத்து தானாக வராது. ஆனால் இலக்கணப் பெயர்களைத் தனிப்பாடமாக நடத்தினால் எழுத்து சீராகும் என்பதற்கும் ஆதாரம் வலுவாக இல்லை. அமெரிக்காவில் 1963லேயே பிராடக் குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்து இதைச் சொல்லிவிட்டார்கள். 2007இல் கிரகாம், பெரின் இருவரும் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே கதை. இலக்கணத்தைத் தனியாக நடத்தியதால் எழுத்து மேம்படவில்லை. சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியம் ஆக்கும் பயிற்சி பலன் தந்தது. அதெல்லாம் ஆங்கிலத்தை வைத்து, கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் செய்தது. தமிழுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும் என் வகுப்பில் நான் பார்ப்பது அதற்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது.

நம் குழந்தைகளுக்கு இருக்கும் பாரம் வேறு. அவர்கள் பேசும் வினைமுற்று ஒன்று, எழுத வேண்டியது இன்னொன்று. பேச்சில் "பூனை ஓடுது", "பூனைங்க ஓடுது" இரண்டுக்கும் ஒரே 'ஓடுது'. எழுத்தில் மட்டும் 'ஓடுகிறது', 'ஓடுகின்றன' என்று பிரிகிறது. 'ஓடுகின்றன' என்று யாரும் பேசி அந்தக் குழந்தை கேட்டதே இல்லை. இதைப் பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பது கொஞ்சம் அநியாயம். புதுச் சரக்கு என்று நினைத்து, முதல் தடவையாக அறிமுகம் செய்ய வேண்டும்.

அதற்கு நான் போகும் வழி இது. முதலில் எதிர்காலத்தில் எழுதவைப்பேன். "பறவை பறக்கும். பறவைகள் பறக்கும்." "மீன் நீந்தும். மீன்கள் நீந்தும்." அஃறிணைக்கு இங்கே ஒருமை, பன்மை வேறுபாடு கிடையாது. எது எழுதினாலும் சரியாக இருக்கும். அடுத்து 'இல்லை' போடும் வாக்கியங்கள்: "அவன் வரவில்லை, அவள் வரவில்லை, பறவைகள் வரவில்லை." இங்கேயும் மாறாது. கை பழகிய பிறகு இறந்தகாலம்: 'ஓடியது', 'ஓடின'. நிகழ்காலத்தைக் கடைசியில் வைப்பேன். ஏனென்றால் அங்கேதான் 'கிறு' போய் 'கின்று' வர வேண்டும். 'ஓடுகிறன' என்று எழுதும் குழந்தைகள் உண்டு. அவர்கள் விதியைப் பாதி பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நிறையப் புத்தகங்கள் நிகழ்காலத்தில்தான் தொடங்குகின்றன. ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இருமொழியாளன்

'நான் பூனை பிடிக்கும்' பற்றி யாரும் அதிகம் பேசவில்லையே. என் வீட்டில் இதுதான் தினசரிப் போராட்டம். மகன் பள்ளியில் முழுக்க வேறு மொழியில் படிக்கிறான். "நான் பசிக்கிறது", "நான் தெரியும்", "நான் ஒரு பென்சில் வேண்டும்". அந்த மொழியில் விரும்புகிறவன், அறிகிறவன் எல்லாம் செய்கிறவனைப் போலவே வருவான். தமிழில் அப்படி இல்லை. உடம்புக்கோ மனசுக்கோ நேர்வது என்றால் 'எனக்கு'.

நான் ஒரு பட்டியல் சுவரில் ஒட்டினேன்: பிடிக்கும், தெரியும், புரியும், வேண்டும், பசிக்கும், வலிக்கும், கிடைக்கும், தோன்றும். இந்தச் சொற்கள் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி "யார்?" அல்ல, "யாருக்கு?". விதியாகச் சொன்னபோது அவனுக்கு ஏறவில்லை. கேள்வியாகக் கேட்டபோது வந்துவிட்டது. "யாருக்குப் பசிக்குது?" என்றால் "எனக்கு" என்றுதானே எந்தக் குழந்தையும் சொல்லும். "நான்" என்று சொன்னால் காதுக்கே இடிக்கும்.

இப்போது வீட்டில் அவன்தான் போலீஸ். நான் அவசரத்தில் ஏதாவது தப்பாகச் சொன்னால் "யாருக்கு?" என்று கேட்கிறான்.

குறில்நெடில்

இருமொழியாளன் செய்திருப்பது அசல் இலக்கணப் பாடம். வேற்றுமை என்ற பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான்காம் வேற்றுமையைக் 'கு' என்று மனப்பாடம் செய்வதைவிட "யாருக்கு?" என்ற கேள்வியில் பிடிப்பது மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். அதேபோல 'ஐ'க்கு "எதை, யாரை?", 'ஆல்'க்கு "எதால், யாரால்?", 'இல்'லுக்கு "எங்கே?". எட்டு வேற்றுமையில் குழந்தைக்குத் தினமும் தேவைப்படுவது இந்த நாலைந்துதான்.

ஒரு நுட்பம். "எனக்கு இது பிடிக்கும்" என்பதில் எழுவாய் 'எனக்கு' அல்ல, 'இது'. அதனால்தான் "எனக்குப் பிடிப்பேன்" என்று வருவதில்லை. குழந்தையிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிக்கொடுக்கும் பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்தான் இந்த வாக்கியத்தைக் கொண்டுபோய் மூன்று கட்டத்தில் திணிப்பார்.

'ஐ' விஷயத்திலும் கண்ணை மூடிக்கொண்டு திருத்த வேண்டாம். "பந்து வாங்கினேன்" சரி. ஏதோ ஒரு பந்து. "பந்தை வாங்கினேன்" என்றால் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்தப் பந்து. ஆட்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. "தம்பி கூப்பிட்டேன்" என்று எழுத முடியாது, "தம்பியைக் கூப்பிட்டேன்" என்றுதான் எழுத வேண்டும். அந்தக் கணக்கில் 'பூனை பார்த்தேன்' அரைப் பிழை. 'ஒரு பூனையைப் பார்த்தேன்' என்றால் முழுதாக நிற்கும்.

இன்னொரு கோபம் இருக்கிறது, கொட்டிவிடுகிறேன். "முழு வாக்கியத்தில் விடை எழுதுக" என்ற கட்டளை. "நீ எங்கே போனாய்?" என்ற கேள்விக்கு "கடைக்குப் போனேன்" என்று எழுதினால், 'நான்' எங்கே என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். 'போனேன்' என்பதிலேயே 'நான்' இருக்கிறதே! தோன்றா எழுவாய் என்று நம் இலக்கணம் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது. இந்தக் கட்டளைக்குப் பழகிய குழந்தை "நான் எழுந்தேன். நான் பல் தேய்த்தேன். நான் குளித்தேன்" என்று பக்கம் முழுக்க நானாக எழுதும். இதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழும் இல்லை.

வகுப்பறைவாசி

ஐயா, இதற்கு இரண்டு கையும் தூக்குகிறேன். அதேபோல "இது மரம்", "அவர் என் மாமா" என்பவை வினையே இல்லாத முழு வாக்கியங்கள். "மரமாக இருக்கிறது" என்று நீட்டச் சொல்லும் பயிற்சித் தாள்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வாக்கியம் எழுதப் பழகும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிட எளிய தொடக்கம் கிடையாது. இரண்டே சொல். வேற்றுமை, காலம் எதுவும் வேண்டாம்.

நடுநிசி

இவ்வளவு பேச்சு எதற்கு? நல்ல கதைப் புத்தகங்களைத் தினமும் படித்துக்காட்டுங்கள், தானாக வரும். என்னை யாரும் 'யாருக்கு, எதை' என்று கேட்டு வளர்க்கவில்லை.

சொல்லாடி

நடுநிசி சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. எழுத்துத் தமிழைக் குழந்தை காதால் கேட்கும் இடங்கள் குறைவு. படித்துக்காட்டும்போதுதான் அதிகமாகக் கேட்கிறது. 'ஓடின', 'சிரித்தாள்', 'சென்றுவிட்டனர்' எல்லாம் வேறு எங்கே கேட்கும்? ஆனால் ஒன்று. நம்மில் பலர் படிக்கும்போது அங்கங்கே பேச்சுக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறோம். புத்தகத்தில் "பறவைகள் பறந்தன" என்று இருக்கும், வாயில் "பறவையெல்லாம் பறந்துச்சாம்" என்று வரும். முதல் தடவை கதை புரிவதற்காக அப்படிச் சொல்லுங்கள், தவறில்லை. இரண்டாம் தடவை அச்சில் உள்ளபடியே படியுங்கள். ஒரே கதையை நூறு தடவை கேட்கும் வயது, அதனால் இரண்டாம் தடவைக்குக் குறைவே இருக்காது.

'தானாக வரும்' என்பது சிலருக்கு உண்மை. சிலருக்கு வராது. வராத குழந்தையைப் பார்த்து "இவன் படிப்பதே இல்லை" என்று சொல்லும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

மழைத்துளி

எல்லாருக்கும் நன்றி. "யாருக்கு?" கேள்வியை இன்றே ஆரம்பித்துவிட்டோம். இரண்டு சந்தேகம். ஒன்று, அந்த அப்புறம் சங்கிலி. முற்றுப்புள்ளி வை என்றால் நினைத்த இடத்தில் வைக்கிறாள். இரண்டு, 'சிரிச்சேன், படிச்சேன்' போன்றவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவதா, இல்லை ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

வகுப்பறைவாசி

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், சின்னது. பேச்சில் 'ச்ச' வரும் இடங்களைக் கவனியுங்கள்: சிரி, படி, குதி, அடி, துவை. எல்லாம் 'இ' அல்லது 'ஐ' ஒலியில் முடியும் வினைகள். எழுத்தில் அந்த 'ச்ச' எல்லாம் 'த்த' ஆகும்: சிரித்தேன், படித்தேன், துவைத்தேன். 'ஞ்ச' வந்தால் 'ந்த': 'ஒளிஞ்சேன்' என்பது 'ஒளிந்தேன்'. அவளையே இந்தச் சொற்களைச் சேகரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வாயில் வருவது, மறுபக்கம் தாளில் வருவது. நான்கைந்து ஜோடி சேர்ந்ததும் அவளே விதியைச் சொல்லிவிடுவாள். எந்த இடத்திலும் "நீ பேசுவது தப்பு" என்ற தொனி வர வேண்டாம். பேச்சுத் தமிழுக்கு அதன் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் இந்த விதியே வேலை செய்கிறது.

இப்போது சங்கிலி. முற்றுப்புள்ளி எங்கே என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்வது "ஒரு முழு எண்ணம் முடியும் இடம்". ஏழு வயதுக்கு எண்ணம் எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. தமிழில் வசதியான ஓர் அடையாளம் இருக்கிறது. வினைமுற்று வந்ததா, அங்கே நில். 'ஏறியது', நில். 'சிரித்தேன்', நில். 'பார்த்தது', நில். இப்படி நிறுத்தினால் 'அப்புறம்' பாதி தானாக உதிர்ந்துவிடும். "இது பூனை" போன்ற வினையில்லாத வாக்கியங்களுக்கு இந்த அடையாளம் உதவாதுதான். அவை குட்டையாக இருப்பதால் குழந்தைகள் அங்கே குழம்புவதில்லை.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நின்ற இடங்களை மறுபடி சேர்ப்பது. "எழுந்தேன். பல் தேய்த்தேன். வெளியே ஓடினேன்." மூன்று காகிதத் துண்டு. கடைசித் துண்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு, முன்னால் உள்ள இரண்டின் வாலையும் கத்தரிக்கோலால் நிஜமாகவே வெட்டச் சொல்வேன். 'எழுந்தேன்' என்பதில் 'ஏன்' போய் 'எழுந்து'. 'தேய்த்தேன்' போய் 'தேய்த்து'. "எழுந்து, பல் தேய்த்து, வெளியே ஓடினேன்." எல்லா வினைக்கும் இப்படி நேராக வெட்ட வராது. 'ஓடினேன்' என்பது 'ஓடி' ஆகும், 'சொன்னேன்' என்பது 'சொல்லி', 'போனேன்' என்பது 'போய்'. ஆனால் இவற்றை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. "ஓடிட்டு, சொல்லிட்டு, போயிட்டு" என்று தினமும் பேசுகிறார்களே. அந்த 'ட்டு'வை எடுத்துவிட்டால் எழுத்து வடிவம் கையில்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சேர்க்கும் வாக்கியங்களில் செய்கிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும். "பூனை மரம் ஏறி நான் சிரித்தேன்" என்று எழுதினால் ஒட்டாது. அங்கே 'ஏறியதும்', 'ஏறியதால்', 'ஏறியபோது' வேண்டும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, எப்படிப் பொருள் மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "பூனை மரம் ஏறியதும் சிரித்தேன்." "பூனை மரம் ஏறியதால் சிரித்தேன்." இரண்டாவதில் சிரிப்புக்குக் காரணம் பூனை. முதலாவதில் சிரித்த நேரம் மட்டும் தெரிகிறது. என் வகுப்பில் ஒரு குழந்தை இதற்காகவே அரைமணி நேரம் சண்டை போட்டது, நானும் விட்டுவிட்டேன். ஒரே 'அப்புறம்' எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

குறில்நெடில்

> செய்கிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும்

பொதுவிதி சரி. "மழை பெய்து நெல் விளைந்தது" என்பதை யாராவது கொண்டுவந்து உங்களை மடக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பெய்தது மழை, விளைந்தது நெல். செய்கிறவர் இருவர். இதை உரையாசிரியர்கள் எச்சத் திரிபு என்பார்கள். 'பெய்ய' என்று இருக்க வேண்டியது 'பெய்து' என்று திரிந்தது என்று கொள்வார்கள். காரணமும் விளைவும் அவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருந்தால் மொழி இடம் கொடுக்கும். ஏழு வயதுக்கு வேண்டாம்.

கத்தரிக்கோல் யோசனை நன்றாக இருக்கிறது. எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

மழைத்துளி

இன்னொன்று கேட்கலாமா? எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதும்போது மட்டும் "அவன் வந்தான், பால் குடித்தான்" என்று எழுதுகிறாள். மற்றப் பூனைகளுக்கு 'அது'தான். பள்ளியில் இதைத் தவறு என்று சுழித்துவிட்டார்கள். ஒரே அழுகை.

குறில்நெடில்

சுழித்தவருக்கு நன்னூலைக் கொடுங்கள்! உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு இவற்றால் திணையும் பாலும் மாறி வந்தாலும் இயல்பே என்று அதில் தெளிவாக இருக்கிறது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று ஒருவர் மகிழ்ச்சியில் சொல்வதுதான் வழக்கமாகக் காட்டும் உதாரணம். வழுதான், ஆனால் அமைத்துக்கொள்ளப்பட்ட வழு. வழுவமைதி. தன் பூனைக்கு மட்டும் 'அவன்', ஊர்ப் பூனைக்கு 'அது' என்று பிரித்து எழுதும் குழந்தைக்குத் திணை தெரியாது என்று யார் சொன்னது? தெரிந்ததால்தான் வேண்டுமென்றே மீறுகிறாள்.

சொல்லாடி

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பதில் இதுதான் ஐயா.

திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கத்தில் பத்துப் பிழை இருந்தாலும் ஒரு வகையை மட்டும் எடுங்கள். இந்த வாரம் 'யாருக்கு' என்றால் அது மட்டும். ஒற்றுப்பிழைகளை இந்த வயதில் முழுக்க விட்டுவிடலாம். 'என்னை பார்த்தது' என்று 'ப்' இல்லாமல் எழுதினால் வாக்கியம் உடையாது. அப்புறம், எழுதியதை அவளையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கண் விட்டதைக் காது பிடித்துவிடும். 'நான் பூனை பிடிக்கும்' என்று வாயால் படிக்கும்போது பல குழந்தைகள் தாமாகவே நிறுத்திவிடுவார்கள்.

எழுதவே மறுக்கும் குழந்தை என்றால், அவர்கள் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதிப் படித்துக்காட்டுங்கள். பிறகு "இதைப் புத்தகத்தில் போட்டால் எப்படி இருக்கும்?" என்று கேட்டு, இருவரும் சேர்ந்து மாற்றலாம். எழுத்துக்கூட்டும் பாரமும் வாக்கியம் அமைக்கும் பாரமும் ஒரே நேரத்தில் தலையில் விழாது.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கு: ஏழு வயதில் 'சிரிச்சேன்' என்று எழுதுவது கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, நான்கு வயதில் வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை, அல்லது முன்பு பேசிக்கொண்டிருந்தது குறைகிறது என்றால் காத்திருக்காமல் காது கேட்கும் திறனையும் பேச்சையும் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தை தாமதமாகப் பேசும் என்று சொல்லி யாராவது ஒத்திப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இருமொழியாளன்

'ஒவ்வொரு மாணவர்களும்' பற்றி ஐயா தொடக்கத்தில் சொன்னாரே, அதை எப்போது எடுப்பது? என் மகன் 'ஒவ்வொரு பறவைகளும் பறந்தன' என்று எழுதுகிறான்.

வகுப்பறைவாசி

இப்போது வேண்டாம். 'பறந்தன' என்று எழுதுகிறானே, அதற்கே ஒரு வருஷம் ஆகியிருக்கும். 'ஒவ்வொரு'வுக்குப் பின் ஒருமை என்று இன்று சொன்னால், 'பறவைகள் எல்லாம் பறந்தது' என்று திரும்பிப் போய்விட வாய்ப்பு அதிகம். ஒன்பது, பத்து வயதில் எடுங்கள். அதுவரை 'எல்லாப் பறவைகளும் பறந்தன' என்று எழுதச் சொல்லிச் சமாளிக்கலாம்.